கரித்துண்டும் கணக்கும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு வந்த வருஷங்களில் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ரேஷன் கார்டு வைத்திருந்த வீடுகளுக்கு மூன்று மோட்டார்கள் சேர்ந்தாற்போல வந்து இறங்கின. கட்சிக்காரர்கள் அதை ஓட்டுக் கணக்கில் பார்த்தார்கள், பொருளாதாரம் பேசுபவர்கள் மானியக் கணக்கில் பார்த்தார்கள். மோட்டார் பைத்தியம் பிடித்தவன் பார்த்திருந்தால் வேறொன்று கண்ணில் பட்டிருக்கும். மிக்ஸிக்குள் கார்பன் இருந்தது. கிரைண்டருக்குள்ளும் விசிறிக்குள்ளும் இல்லை.

ரிமோட் கார் விளையாட்டில் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறவர்களை முதல் நாளே மறிக்கும் கேள்வியும் இதுதான். பிரஷ் மோட்டார் போடுவதா, பிரஷ்லெஸ் போடுவதா? பிரஷ் என்றால் பழசு, மெதுவானது, மலிவு. பிரஷ்லெஸ் என்றால் புதுசு, வேகம், விலை ஜாஸ்தி என்று கடைக்காரர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட ஜப்பானுக்குப் போக வேண்டாம், நம் ஊர் சமையற்கட்டிலும் பம்ப்செட் கொட்டகையிலும் கிடக்கிறது.

கடைத்தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

“சுத்தவே மாட்டேங்குது தம்பி. நேத்துலேர்ந்து ஒரே தீஞ்ச வாடை வேற.”

“கார்பன் தேஞ்சிருக்கும்க்கா. பத்து நிமிஷம் உக்காருங்க.”

அடித்தட்டைக் கழற்றி, மோட்டாரின் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன மூடிகளை எடுத்தால், ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு வெளியே வரும். அதன் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கரித்துண்டு, பிரஷ் என்பது இதுதான். புதிதில் இரண்டு சென்டிமீட்டர் இருந்தது தேய்ந்து கட்டையாகியிருக்கும். தொட்டால் விரலில் மை அப்பும். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்டில் ஒரு செம்பு வளையம்; உற்றுப் பார்த்தால் அது வளையமே அல்ல, ஒன்றையொன்று தொடாமல் வட்டமாக நின்றிருக்கும் பல செம்புப் பட்டைகள். பட்டைகள் மேல் கருப்பு ஏறியிருந்தால் ரிப்பேர்காரர் உப்புத்தாளை மடித்து, கையால் தண்டைச் சுற்றிக்கொண்டே லேசாகத் தேய்ப்பார். புதுக் கார்பன் போட்டு ஓட்டிப் பார்க்கும்போது உள்ளே நீலப் பொறி ஒரு வளையமாகத் தெரியும். கரியின் தட்டையான முகம் செம்பின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பொருந்திய பிறகு பொறி அடங்கும்.

அந்தப் பொறி எதற்கு என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் சுருள் திரும்பும். ஆனால் அரைச் சுற்று திரும்பி, காந்தத்துக்கு நேராக வந்ததும் அப்படியே நின்றுவிடும். மேலும் சுற்ற வேண்டுமானால், சரியாக அந்தக் கணத்தில் மின்சாரத்தின் திசையை யாராவது மாற்ற வேண்டும். அடுத்த அரைச் சுற்றில் மறுபடியும். உலகத்திலுள்ள மோட்டார் வகை எல்லாவற்றையும், “மாற்றுவது யார்?” என்ற இந்த ஒரு கேள்விக்கு அவை சொல்லும் பதிலை வைத்தே பிரித்துவிடலாம். பிரஷ் மோட்டாரில் மாற்றுவது மோட்டாரேதான். சுருள் திரும்பும்போது செம்புப் பட்டைகளும் கூடவே திரும்புகின்றன, நிலையாக நிற்கும் கரித்துண்டுகள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்குகின்றன, திசை மாறிவிடுகிறது. எங்கே இருக்கிறோம் என்று மோட்டார் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதன் உடம்புக்கே தெரியும்.

இந்த ஏற்பாட்டோடு உருப்படியாக ஓடிய முதல் மோட்டார்களில் ஒன்றைச் செய்தவர் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கொல்லர், தாமஸ் டேவன்போர்ட். 1837 பிப்ரவரி 25 அன்று காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே, 1835-ல், வட்டமான ஒரு சின்னத் தண்டவாளத்தில் பொம்மை வண்டியை அந்த மோட்டாரால் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆலையை ஓட்டுவதற்கு முன்னாலேயே மின்மோட்டார் பொம்மை வண்டியை ஓட்டிவிட்டது என்பது ரிமோட் கார் பிரியர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி.

சரி, தேய்கிறது, பொறி பறக்கிறது, மாதக்கணக்கில் ஓடினால் கரி மாற்ற வேண்டியிருக்கிறது. இத்தனை தொல்லை இருந்தும் மிக்ஸியில் ஏன் அதை விடவில்லை? கிரைண்டரில் வைத்த மோட்டாரையே இதிலும் வைத்திருக்கலாமே?

முடியாது. காரணம் நம் வீட்டுக்கு வரும் மின்சாரம். அது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் புரளும் மாறுமின்சாரம். கிரைண்டர், சீலிங் ஃபேன், பம்ப்செட் எல்லாவற்றிலும் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் அந்தப் புரளலைப் பின்தொடர்ந்து சுற்றுவது. ஆகவே நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் அதனால் போகவே முடியாது. பம்ப் மோட்டாரின் தகட்டைப் பார்த்தால் 2880 அல்லது 1440 மாதிரி ஓர் எண் இருக்கும். மேலே உள்ள வரம்பு அதில் தெரிகிறது. தேங்காயும் பச்சைமிளகாயும் விழுதாக மிக்ஸி அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றியாக வேண்டும். தானே திசை மாற்றிக்கொள்ளும் மோட்டாருக்கு 50 என்ற கட்டுப்பாடு கிடையாது. அதனால் கரி.

பம்ப் மோட்டாருக்குள் கரியும் இல்லை, மின்னணுப் பலகையும் இல்லை. அப்படியானால் அதற்குத் திசை மாற்றிக் கொடுப்பது யார்? இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு. மாற்றுவது மேட்டூர். ஜூன் 12-ல் அணை திறந்து தண்ணீர் மின்நிலையம் வழியாக இறங்கும்போது அங்கே சுழலும் ஜெனரேட்டரில் பிறக்கும் மின்சாரம், பிறக்கும்போதே புரண்டுகொண்டுதான் பிறக்கிறது. மூன்று கம்பிகளில், ஒன்றுக்கு அடுத்தது ஒரு புரளலில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கி வருகிறது. அந்த மூன்றையும் பம்ப் மோட்டாரின் உள்சுவரில் வட்டமாகப் பதித்த சுருள்களுக்குக் கொடுத்தால், சுருள்கள் அசையாமல் இருக்க, காந்தப்புலம் மட்டும் சுழலும். நடுவில் இருக்கும் இரும்பு உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடும். மன்னார்குடி பக்கத்துக் கொல்லையில் ஃபில்டர் பாயிண்டில் நீர் இறைக்கும் மோட்டார், மேட்டூரில் சுற்றுவதைக் கொஞ்சம் பின்தங்கிய தாளத்தில் திரும்பச் சுற்றுகிறது. மேட்டூர் மட்டுமல்ல, 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டதிலிருந்து, இமயமலை அடிவாரத்து மின்நிலையங்களும் நெய்வேலியும் நம் கொல்லை மோட்டாரும் ஒரே துடிப்பில் இருக்கின்றன.  

இந்தச் சுழலும் காந்தப்புலத்துக்கு 1888-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் நிகோலா டெஸ்லா. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மாணவராக இருந்தபோது, வகுப்பில் ஓடிக் காட்டிய இயந்திரத்தில் பிரஷ் பொறி கக்குவதைப் பார்த்து, இது இல்லாமலே ஓட்டலாமே என்றாராம். பேராசிரியர் அது நடக்காத காரியம் என்று ஒரு பாடவேளை முழுக்க விளக்கினார் என்று டெஸ்லா பிற்பாடு தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே டெஸ்லாதான் 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டியில் மிதந்த சின்னப் படகை ரேடியோ அலையால் இயக்கிக் காட்டினார். பிரஷ் இல்லாத மோட்டாரும் ரிமோட் வண்டியும் ஒரே மண்டைக்குள்ளிருந்து வந்தவை. ஆனால் அவர் காலத்தில் இரண்டையும் சேர்க்க வழியில்லை. படகில் இருந்தது பேட்டரி. பேட்டரி கொடுப்பது ஒரே திசை மின்சாரம். மேட்டூர் செய்யும் வேலையைப் படகுக்குள் செய்ய ஆள் வேண்டும்.

அந்த ஆள் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1962-ல் டி.ஜி. வில்சன், பி.எச். டிரிக்கி என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள், கரித்துண்டின் வேலையைக் குறைகடத்திகளைக் கொண்டு செய்து காட்டினார்கள். அதன் இன்றைய வாரிசுதான் ரிமோட் காரில் தீப்பெட்டி அளவுக்கு உட்கார்ந்திருக்கும் இ.எஸ்.சி. எனும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி. உள்ளே மாஸ்ஃபெட் சுவிட்சுகள், ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு வீதம். எந்தக் கம்பியில் விட வேண்டும், எதில் திரும்ப எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு சிறு செயலி அவற்றைத் திறந்து மூடுகிறது. பிரஷ் மோட்டாரிலிருந்து இரண்டு கம்பி வருகிறது, பிரஷ்லெஸ் மோட்டாரிலிருந்து மூன்று வருகிறதே என்று பையன்கள் கேட்பதற்கு விடை இதுதான். மூன்று கம்பி என்பது பம்ப்செட்டின் த்ரீ பேஸ். காருக்குள் ஒரு குட்டி மேட்டூர் இருக்கிறது. அது 50 என்ற எண்ணுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல.

எவ்வளவு வேகமாக மாற்றுகிறது? பிரஷ்லெஸ் மோட்டார் மேல் கே.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். கிலோவோல்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 3300 கே.வி. மோட்டாரை இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், அதாவது 7.4 வோல்ட்டில், ஓட்டினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. உள்ளே சுழலும் காந்தம் நான்கு துருவம் கொண்டதாக இருந்தால், செயலி நொடிக்கு ஏறக்குறைய 4,900 தடவை கம்பி மாற்ற வேண்டும். கே.வி. பெரிதாக இருந்தால் மோட்டார் பலசாலி என்று நினைத்து 5000, 6000 என்று வாங்குகிறவர்கள் உண்டு. உண்மை தலைகீழ். கே.வி. கூடக்கூட ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். அந்தக் குறையை ஆம்பியரை ஏற்றித்தான் ஈடுகட்ட முடியும். ஏறிய ஆம்பியர் சூடாகத் திரும்பி வரும்.

பிரஷ் மோட்டாருக்கு அப்படி எண் இல்லை. டர்ன் என்பார்கள், ஒவ்வொரு பல்லிலும் கம்பியை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்பது. 27 டர்ன் சாதாரணம், 55 டர்ன் மெதுவாக ஆனால் விடாப்பிடியாக இழுக்கும், 15-க்குக் கீழே போனால் பறக்கும். ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரான போர்ஷே 934-ஐ வெளியிட்டது 1976-ல். அந்தக் காலத்திலிருந்து இன்று வரை பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களுக்கு 540 என்ற வெள்ளி நிற டப்பா மோட்டார்தான் அடையாளம். பிரஷ்லெஸ்காரர்கள்கூட அதே ஓட்டையில் பொருந்தும்படி 36 மில்லிமீட்டர் விட்டத்தில்தான் செய்கிறார்கள். அந்த வெள்ளி டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள். 104 என்று அச்சிட்ட துவரம்பருப்பு நிற கெபாசிட்டர்கள் மூன்று ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். 104 என்றால் 0.1 மைக்ரோஃபேரட். கரியில் எழும் பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி நிலையம். பழைய அலைவரிசை ரிமோட்டுகளில் அந்த இரைச்சல் வண்டியை வெறி பிடித்தாற்போல ஓட வைக்கும். இரைச்சலை விழுங்கத்தான் அந்த மூன்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்த பிறகு தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அவற்றைப் பிய்த்துப் போடாதீர்கள்.

பிரஷ்லெஸ்ஸின் லாபங்களில் உராய்வு இல்லாதது சின்ன லாபம்தான். பெரிய லாபம் சூட்டில். பிரஷ் மோட்டாரில் சூடாகும் சுருள் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சூடு வெளியே வரக் காற்றைத் தவிர வழி இல்லை. பிரஷ்லெஸ் கார் மோட்டாரில் சுருள் வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிறது, காந்தம் உள்ளே சுற்றுகிறது. சூடு நேரே உலோக உறைக்கு வந்துவிடும். அதில் அலுமினிய விசிறித்தகடு மாட்டினால் இன்னும் சுலபம். ஆகவே அதே டப்பாவுக்குள் மூன்று நான்கு மடங்கு சக்தியைத் திணிக்கலாம். பேட்டரி தருவதில் பிரஷ் மோட்டார் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்றால், நல்ல பிரஷ்லெஸ் 80 முதல் 90 சதவீதம் கொடுக்கும்.

இவ்வளவு இருந்தும், மன்னார்குடிப் பையன் ஒருவன் முதல் வண்டி வாங்கக் கேட்டால் நான் பிரஷ் என்றுதான் சொல்வேன். காரணம் அவன் வண்டி ஓடப்போகும் தரை.

குறுவை அறுத்து முடித்த வயலை நினைத்துப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த களிமண், கணுக்கால் உயரத்துக்குத் தாள், வரப்போரம் இன்னும் காயாத சேறு. அங்கே வேகம் எதற்கு? வேண்டியது, சக்கரம் வெடிப்பில் இறங்கி நின்றுவிட்ட நிலையிலிருந்து மெதுவாக, விட்டுக்கொடுக்காமல் ஏறி வருவது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை இம்மி இம்மியாகச் சுற்ற வைப்பதில் பிரஷ்ஷை அடிக்க ஆளில்லை. மின்சாரம் வந்த கணமே கரி சரியான பட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மலிவான பிரஷ்லெஸ்ஸின் பலவீனம் சரியாக இதே இடத்தில். அதன் இ.எஸ்.சி.க்குச் சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது என்று நேரடியாகத் தெரியாது. எந்த நேரமும் மூன்று கம்பியில் இரண்டில்தான் மின்சாரம் போகும்; சும்மா இருக்கும் மூன்றாவதில், காந்தம் கடந்துபோகும்போது எழும் சின்ன வோல்ட்டைக் கவனித்து இடத்தைக் கணிக்கிறது. நுட்பமான ஏற்பாடு, ஓடும்வரை. வண்டி நின்றுவிட்டால் வோல்ட் இல்லை. பிறகு உறியடியில் கண்ணைக் கட்டிவிட்டவன் கம்பு வீசுகிற கதைதான்: குத்துமதிப்பாக ஒரு சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, ஏதாவது அசைகிறதா என்று பார்க்கிறது. பெரும்பாலும் அசைந்துவிடும். சக்கரம் சேற்றில் மாட்டியிருந்தால் வண்டி விக்கிவிக்கித் துடிக்கும், அந்த நேரமெல்லாம் ஆம்பியர் கன்னாபின்னாவென்று ஏறும். இதற்காகவே மோட்டாருக்குள் மூன்று ஹால் சென்சார் வைத்த ரகம் உண்டு. எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விளைவு: மின்சாரம் ஓடும் தகட்டின் மேல் காந்தம் வந்தால் குறுக்கே ஒரு வோல்ட் தோன்றும். நிற்கும்போதும் தோன்றும் என்பதுதான் அதன் அருமை. சென்சார் வைத்த பிரஷ்லெஸ் மெதுவாகவும் ஏறும், பறக்கவும் செய்யும். விலையும் அதற்கேற்ப. அந்த மெல்லிய சென்சார் கம்பியும் அதன் பலகையும் சேற்றுத் தண்ணீரை விரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிரஷ் மோட்டார் நல்ல தண்ணீரில் முழுகினாலும் ஓடும். ஏழெட்டு வோல்ட்டுக்கு வாய்க்கால் தண்ணீர் பெரிய கடத்தி அல்ல. புது மோட்டாரைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மூழ்கவைத்துக் குறைந்த வோல்ட்டில் ஓட்டி, கரியைப் பொருத்தமாகத் தேய்த்தெடுப்பவர்கள்கூட உண்டு. தண்ணீர் மை கரைத்தாற்போல ஆகிவிடும். எதிரி தண்ணீர் அல்ல, அதில் கலந்திருக்கும் பொடிமணல். கரிக்கும் செம்புக்கும் நடுவே போனால் உப்புத்தாள் வேலை செய்துவிடும்.

ஈரக்காற்று மட்டும் கரிக்கு நண்பன். கிராஃபைட் வழுக்குவது அதன் சொந்தக் குணம் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, தரையில் மாதக்கணக்கில் உழைத்த ஜெனரேட்டர் கரிகள் மேலே போனதும் மளமளவென்று பொடியாகிக் கொட்டின. ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, காற்றில் நீராவி இருந்தால்தான் கிராஃபைட் வழுக்குகிறது, உலர்ந்தால் சொரசொரக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் துணி காயாத டெல்டாக் காற்று, கரித்துண்டுக்கு அருமையான காற்று.

காற்றே இல்லாத இடத்தில்? 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான பி. வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கி ஓடிய 26 கிலோ பிரக்யான் ரோவரின் ஆறு சக்கரங்களுக்கும் தனித்தனியாகப் பிரஷ்லெஸ் மோட்டார்தான். வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். இதை வைத்து விண்வெளி என்றாலே பிரஷ்லெஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி இரண்டிலும் இருந்தவை சுவிட்சர்லாந்தின் மேக்ஸான் நிறுவனம் செய்த பிரஷ் மோட்டார்கள். மூன்று மாதம் ஓடினால் போதும் என்று அனுப்பிய ஆப்பர்சூனிட்டி, 2018 ஜூனில் புழுதிப்புயலில் பேச்சு நிற்கும்வரை 45 கிலோமீட்டர் ஓடியது. நேரே பேட்டரியைக் கொடுத்தால் சுற்றும் மோட்டாருக்கு மின்னணு உதவி குறைவாகப் போதும். கெட்டுப்போக உறுப்புகளும் குறைவு. 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் இறக்கைகளைச் சுழற்றியது பிரஷ்லெஸ், இறக்கையின் சாய்வைத் திருப்பிய சின்ன மோட்டார்கள் பிரஷ். கடைக்காரரின் ஒரு மூச்சுத் தீர்ப்பை அங்கே யாரும் ஏற்கவில்லை.

டெல்டாவில் பிரஷ்லெஸ்ஸுக்கு மாற்றே இல்லாத ரிமோட் வண்டி ஒன்று இருக்கிறது. அது தரையில் ஓடுவதில்லை. சம்பா நட்டு ஒரு மாதம் கழிந்த வயல்களுக்கு மேலே மருந்தடிக்கும் டிரோன். பத்து லிட்டர் மருந்தோடு எழும்பி, பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கரை முடித்துவிடும். அதற்குச் சுக்கான் கிடையாது. நான்கோ ஆறோ மோட்டார்களின் வேகத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்துத்தான் நிலையாக நிற்கிறது, திரும்புகிறது. எடைக்கு இவ்வளவு சக்தியைக் கரி வைத்த மோட்டாரில் எடுக்க முடியாது. இங்கே காந்தம் வெளிக்கூடாகச் சுற்ற, சுருள் நடுவில் நிற்கும். விட்டம் பெரிதாவதால் பல்சக்கரம் இல்லாமலே இறக்கையை நேராகச் சுழற்றும் முறுக்குவிசை கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் தக்ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தபோது, அதற்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார், ரிமோட் விமானங்களில் ஊறிய ஆள். விளையாட்டு சாமானும் வயல் சாமானும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

கார் விஷயத்துக்குத் திரும்பினால், பையனுக்கு வேகம்தான் வேண்டும், ஓட்டப்போவது பள்ளிக்கூட மைதானத்திலோ புதுசாகப் போட்ட தார் ரோட்டிலோ என்றால் பிரஷ்லெஸ் வாங்கட்டும், சென்சார் இல்லாததே போதும். ஓடத் தொடங்கிய பிறகு அதற்குக் கண் தெரியும். ஆனால் மோட்டாரை மட்டும் மாற்றினால் ஆகாது. இ.எஸ்.சி. மாற்ற வேண்டும், பேட்டரி தாங்க வேண்டும், பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் முதல் நாளே வழித்துக்கொண்டு போகும். மோட்டாரில் மிச்சம் பிடித்ததைப் பல்சக்கரத்துக்குக் கொடுத்து ஓய்ந்தவர்கள் நிறைய.

சித்திரை வெயிலில் இன்னொரு ஜாக்கிரதை. மலிவான பிரஷ் மோட்டாரில் இருப்பது ஃபெரைட் காந்தம், சூட்டைப் பற்றிக் கவலைப்படாத முரடு. பிரஷ்லெஸ்ஸில் இருப்பது நியோடிமியம். ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் 1980-களின் முற்பகுதியில் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. பலம் பிரமாதம். ஆனால் சாதா ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்த பலத்தில் கொஞ்சத்தை இழக்கும், ஆறிய பிறகும் அது திரும்ப வராது. சூடு தாங்க வேண்டுமானால் டிஸ்ப்ரோசியம் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு விதித்த அருமண் தனிமங்களில் அதுவும் ஒன்று. நம்மூர் மின்வாகனத் தொழிற்சாலைகள் அந்த வருஷம் காந்தத்துக்குத் திண்டாடியது அதனால்தான். நியோடிமியம் நம்மிடமே உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கும் மோனசைட்டில் அது கலந்திருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலைத் தேடிக் கண்டுபிடித்தது பெட்ரோமாக்ஸ் மாதிரியான விளக்குகளின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக. நியோடிமியம் அன்று அவர்களுக்குக் கழிவு. மன்னார்குடி மே மாதத்தில் வண்டி கிளம்பும்போதே காற்று 40 டிகிரியை நெருங்கியிருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் இரண்டு நொடி நிற்கவில்லை என்றால் பல்சக்கர விகிதத்தைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

இதற்கிடையே பி.எல்.டி.சி., அதாவது பிரஷ்லெஸ் டி.சி., ஃபேன் வந்து ஒரு குழப்பத்தைச் செய்துவிட்டது. சாதா ஃபேன் 75 வாட் அளவுக்குத் தின்னும் இடத்தில் அது 30 வாட் சுமாரில் ஓடுகிறது, பிரஷ் இல்லாததால் மிச்சம் என்று விற்பனையாளர் சொல்கிறார். 2011-ல் வந்த விலையில்லா விசிறியிலும் பிரஷ் இல்லையே! மிச்சம் நிலைக்காந்தத்தால் வருவது. சாதா ஃபேன் தன் சுழலியில் காந்தத்தை உண்டாக்கவே மின்சாரம் செலவழிக்கிறது. புது ஃபேனோடு ரிமோட் இலவசமாக வருவதற்கும் காரணம் உண்டு. மாற்றிக் கொடுக்கும் மின்னணுப் பலகை எப்படியும் உள்ளே இருக்கிறது. ரிமோட்டுக்குக் காது வைப்பது அதற்கு மேல் ஒரு சின்னச் செலவு.

பழைய பிரஷ்லெஸ் மோட்டார் கைமாற்றி வாங்குகிறீர்கள் என்றால் பேட்டரி, இ.எஸ்.சி. எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். மூன்று கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் வைத்துத் தண்டை விரலால் சுற்றுங்கள். காந்தம் இழுப்பது கட்டைகட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். இப்போது ஏதாவது இரண்டு கம்பியின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவதுபோல இறுகும். உங்கள் விரல் அதை ஜெனரேட்டர் ஆக்கிவிட்டது, பிறந்த மின்சாரமே உங்களை எதிர்க்கிறது. மூன்று ஜோடியையும் இப்படிப் பாருங்கள். மூன்றிலும் இறுக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் இறுகினால், மீதி இரண்டுக்கும் பொதுவான கம்பியின் சுருள் அறுந்துபோயிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிரஷ் மோட்டாருக்கும் இதே சோதனை செல்லும். இரண்டு முனையைச் சேர்த்துச் சுற்றும்போது இறுகவில்லை என்றால் பெரும்பாலும் கரிதான் தேய்ந்திருக்கும். வெள்ளி டப்பா ரகத்தில் அதைத் திறந்து மாற்ற முடியாது, வளைத்து மூடிவிட்டிருப்பார்கள். திருகு வைத்த ரகமானால் புதுக் கரி வாங்கி, மிக்ஸிக்குச் செய்கிற அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.